ஐம்பதுக்குப் பின் முப்பது சிகரங்கள்

ஐம்பது வயது நிறைந்தவர்களுக்கு மட்டுமே உரிய மலையோட்டப் பாதை ஒன்று இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் இருக்கிறது. ஏரிகளும் மலைகளும் நிறைந்த அந்தக் கம்பிரியா வட்டாரத்துக்கு 'லேக் டிஸ்ட்ரிக்ட்' என்று பெயர். கிழக்கே பூலி பிரிட்ஜ் என்னும் சிற்றூரில் தொடங்கும் பாதை, முப்பது சிகரங்களைத் தொட்டுக்கொண்டு, மேற்கே வாஸ்டேல் பள்ளத்தாக்கின் கிரீன்டேல் பாலத்தில் முடிகிறது. நீளம் 48 மைல், ஏறக்குறைய 77 கிலோமீட்டர். வழியிலுள்ள ஏற்றங்களைக் கூட்டினால் 17,000 அடி. 'ஜாஸ் நெய்லர் லேக்லேண்ட் சேலஞ்ச்' என்று அதை அழைக்கிறார்கள். இது பந்தயம் அல்ல. குறித்த நாள் கிடையாது, கூட்டம் கிடையாது, முதல் பரிசும் கிடையாது. ஓட விரும்புகிறவர் தமக்குத் தோதான நாளைப் பார்த்து, துணைக்குச் சிலரைச் சேர்த்துக்கொண்டு, தம் வயதுக்கு விதித்த நேரத்துக்குள் மறுமுனையை அடைய வேண்டும்.

50 முதல் 54 வயது வரை உள்ளவர்களுக்கு 12 மணி நேரம். 55 முதல் 59 வரை 15 மணி. 60 முதல் 64 வரை 18 மணி. 65-ம் அதற்கு மேலும் என்றால் 24 மணி. பாதை எல்லோருக்கும் ஒன்றே. எழுபது வயதுக்காரர் என்பதற்காக ஒரு சிகரமும் குறையாது, ஒரு சரிவும் சாயாது. வயதுக்கு வயது மாறுவது நேரம் மட்டும்தான். பிந்திய வயதில் நெடுந்தொலைவு ஓட்டத்தில் இறங்குகிறவர் அறிந்துகொள்ள வேண்டிய அடிப்படை இந்த விதியிலேயே அடங்கியிருக்கிறது. வயது ஏற ஏற உடம்பு முதலில் இழப்பது வேகத்தை. தாங்கி நிற்கும் ஆற்றலை அது அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடுவதில்லை. வேகத்துக்கு ஈடாக நேரத்தைக் கொடுத்துவிட்டால் அறுபதிலும் எழுபதிலும் மலை கைக்கு எட்டுகிறது.

ஆனால் 24 மணி நேரத்தைத் தாராளமான சலுகை என்று எண்ணிவிடக் கூடாது. மலையில் நடக்க ஆகும் நேரத்துக்கு ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த கணக்கு பிரிட்டனில் இன்றும் புழக்கத்தில் உள்ளது. மூன்று மைலுக்கு ஒரு மணி. ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் கூடுதலாக ஒரு மணி. இந்தப் பாதைக்கு அதைப் போட்டுப் பார்த்தால் தூரத்துக்கு 16 மணி, ஏற்றத்துக்கு எட்டரை மணி, ஆக மொத்தம் இருபத்துநாலரை மணி. நல்ல உடல்வலு உள்ளவர் எங்கும் உட்காராமல் நடந்தால் ஆகும் நேரம் அது. 65 வயதைக் கடந்தவருக்குக் கிடைப்பது அதைவிட அரை மணி குறைவு. சாப்பிட, காலுறை மாற்ற, மழைச்சட்டை போட, வரைபடம் பார்க்க என்று போகும் நிமிடங்களும் அதற்குள்தான். ஐம்பது வயதுக்காரரோ அந்தக் கணக்கில் பாதிக்கும் குறைவான நேரத்தில் வந்து சேர வேண்டும்.

பாதையை வகுத்தவர்

ஜாஸ் நெய்லர் 1936-இல் வாஸ்டேல் ஹெட் பண்ணையில் பிறந்து, வாழ்நாள் முழுவதும் அந்தப் பள்ளத்தாக்கில் ஆடு வளர்த்தவர். சிறு வயதிலேயே முதுகில் அடிபட்டது. இருபதுகளின் தொடக்கத்தில் முதுகெலும்பிலிருந்து இரண்டு வட்டுகளை அறுவை செய்து எடுத்தார்கள். முழங்காலிலும் அறுவை நடந்தது. 1960-இல் மலையோட்டப் போட்டி ஒன்று அவருடைய பள்ளத்தாக்குக்கே வந்தபோது, வேலைக்குப் போடும் பூட்ஸ் காலோடு அதில் ஓடினார். அப்போது வயது 24. பள்ளி நாட்களிலேயே தடகளத்தில் இறங்கிய ஓட்டக்காரர்களோடு ஒப்பிட்டால் அதுவே காலம் கடந்த தொடக்கம்.

1975-இல் 24 மணி நேரத்துக்குள் 72 சிகரங்களை ஏறி இறங்கினார். வேறொருவராக இருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும். நெய்லருக்கு வயது ஏறும்போதெல்லாம் புதிய கணக்கு தொடங்கியது. ஆல்ஃபிரட் வெய்ன்ரைட் என்பவர் 1955 முதல் 1966 வரை கையெழுத்தும் கோட்டோவியமுமாக ஏழு வழிகாட்டி நூல்களை எழுதி, இந்த வட்டாரத்தின் 214 மலைகளை விவரித்திருந்தார். அந்த 214-ஐயும் நெய்லர் தமது 50-ஆம் வயதில், 1986-இல், 7 நாள் 1 மணி 25 நிமிடத்தில் ஓடி முடித்தார். 60 வயதில் 60 சிகரங்களை 36 மணி நேரத்தில் ஓடினார். 70 வயதில் 70 சிகரங்களை 21 மணி நேரத்துக்குள் ஓடினார். இடையே, 54 வயதில், 1990-இல், கிழக்கிலிருந்து மேற்காக ஓடிக் காட்டியதுதான் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கும் பாதை. ஐம்பதைக் கடந்தவர்களுக்கென்று தனியாக ஓர் இலக்கு வேண்டும் என்று அதை அவர்களுக்கே விட்டுச் சென்றார். நேரத்துக்குள் முடித்தவருக்குப் பெயர் பொறித்த பியூட்டர் (வெள்ளீயக் கலவை) குவளை உண்டு. அதைப் பெறுவதற்கு ஓட்டத்தின் பெயரால் ஏதேனும் ஓர் அறப்பணிக்கு நிதி திரட்டித் தர வேண்டும். 2024-இல், 88-ஆம் வயதில் நெய்லர் காலமானார்.

நடுவயதுக்காரர்களின் சாதனை இந்த மலைகளுக்குப் புதிதல்ல. கெஸிக் நகரில் விருந்தினர் விடுதி நடத்திவந்த பாப் கிரஹாம் 1932 ஜூனில் 24 மணி நேரத்துக்குள் 42 சிகரங்களைச் சுற்றி வந்தார். நாற்பதைக் கடந்திருந்த அவர், வயதுக்கு ஒன்று என்று அந்த எண்ணிக்கையைத் தேர்ந்ததாகச் சொல்வதுண்டு. காலில் டென்னிஸ் ஷூ. கையில் ரொட்டியும் அவித்த முட்டையும். அவருடைய சுற்றை மறுபடி ஒருவர் 24 மணி நேரத்துக்குள் முடிக்க 1960 வரை ஆனது.

புறப்படுவதற்கு முந்திய ஆண்டு

ஐம்பதில் ஓடத் தொடங்குகிறவர் முதலில் செய்ய வேண்டியது மருத்துவரைப் பார்ப்பது. ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயத் துடிப்பின் ஒழுங்கு, குடும்பத்தில் இதய நோய் உண்டா என்ற விவரம் ஆகியவை தெரிந்திருக்க வேண்டும். ஓடும்போது மார்பில் இறுக்கமோ, மயக்கமோ, காரணமில்லாத படபடப்போ வந்தால் அன்றே நிறுத்திவிட வேண்டும்.

அடுத்தது பொறுமை. பயிற்சிக்கு உடம்பின் எல்லாப் பாகங்களும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாண்களும் எலும்பும் பழகப் பல மாதங்கள் ஆகும். மூச்சு வாங்குவது குறைந்துவிட்டதே என்று தூரத்தை ஏற்றுகிறவர்கள் இந்த இடைவெளியில்தான் விழுகிறார்கள். குதிகால் நாண் வீங்கும், கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும், பாத எலும்பில் மயிரிழை விரிசல் விழும். அதனால் தொடக்கம் நடையாக இருப்பதே நல்லது. பிறகு நடைக்கு இடையே சில நிமிட ஓட்டம். பிறகு ஓட்டத்துக்கு இடையே சில நிமிட நடை. சில வாரங்கள் தூரத்தை ஏற்றினால் ஒரு வாரம் குறைக்க வேண்டும். இருபது வயதில் ஒரு நாளில் தீரும் களைப்பு அறுபதில் தீர இரண்டு மூன்று நாளாகலாம். ஓய்வு நாளும் பயிற்சியின் பகுதிதான், அதைத் தவறவிட்ட பயிற்சியாக எண்ணத் தேவையில்லை.

மூன்றாவது, வலுப்பயிற்சி. ஐம்பதுக்குப் பின் தசை ஆண்டுதோறும் கரைகிறது. வேலை கொடுக்காவிட்டால் இன்னும் வேகமாகக் கரைகிறது. ஓட்டம் மட்டும் அதைத் தடுத்துவிடாது. வாரத்துக்கு இரண்டு முறை உட்கார்ந்து எழுதல், படியேறி இறங்குதல், குதிகாலைத் தூக்கி இறக்குதல், எடை தூக்குதல் ஆகியவற்றைச் செய்கிறவருக்கு மலை வசப்படுகிறது. பல் துலக்கும் நேரத்தில் ஒற்றைக் காலில் நிற்கும் பழக்கம்கூடப் பயன் தரும். கால் இடறும்போது உடம்பை மீட்கும் சமநிலை உணர்வு வயதோடு மங்கக்கூடியது. பழகினால் அது மீளும்.

பூலி பிரிட்ஜ் முதல் கர்க்ஸ்டோன் வரை

லண்டன் யூஸ்டன் நிலையத்தில் ரயிலேறிப் பென்ரித்தில் இறங்கினால், அங்கிருந்து அல்ஸ்வாட்டர் ஏரியின் வடமுனையில் இருக்கும் பூலி பிரிட்ஜ் சிறிது தூரம்தான். ஏரியிலிருந்து ஈமண்ட் ஆறு புறப்படும் இடத்தில் ஊர் அமைந்திருக்கிறது. ஊருக்குப் பெயர் தந்த பழைய கல்பாலத்தை 2015 டிசம்பரில் 'டெஸ்மண்ட்' புயல் வெள்ளம் அடித்துச் சென்றுவிட்டது. இப்போது அதே இடத்தில் நிற்கும் எஃகுப் பாலம் 2020-இல் திறக்கப்பட்டது. இந்த மலைகளில் மழை எவ்வளவு வலுவானது என்பதற்கு அந்தப் பாலமே சாட்சி. ஓடுகிறவர்கள் பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஜூனில் ஏறக்குறைய 17 மணி நேரம் பகல் வெளிச்சம் இருக்கும். நேரக்கெடு நீண்டவர்கள் நள்ளிரவிலோ விடியலுக்கு முன்போ கிளம்பி, இருட்டை எளிய தரையிலேயே கழித்துவிடுவதும் உண்டு.

முதல் பகுதி நீண்ட புல்முதுகு. ஆர்தர்ஸ் பைக்கில் ஏறியதும் லோட்பாட் ஹில், வெதர் ஹில், ஹை ரெய்ஸ் என்று சிகரங்கள் மெல்ல உயர்ந்துகொண்டே போகின்றன. 828 மீட்டர் உயர ஹை ஸ்ட்ரீட் மலையின் முதுகில் ரோமானியர்கள் படைகளுக்காக அமைத்த சாலை ஓடுகிறது. ஆண்டுக்கொருமுறை மேய்ப்பர்கள் கூடித் தவறி வந்த ஆடுகளை மாற்றிக்கொண்ட சந்திப்பு ஒரு காலத்தில் இந்த உச்சியில்தான் நடந்தது. குதிரைப் பந்தயமும் நடந்ததால் 'ரேஸ்கோர்ஸ் ஹில்' என்ற பெயரும் மலைக்கு உண்டு. கிழக்கே கீழே தெரிவது ஹாஸ்வாட்டர் நீர்த்தேக்கம். மான்செஸ்டர் நகரின் குடிநீருக்காக 1930-களில் எழுப்பிய அணையில் மார்டேல் கிராமம் மூழ்கிப்போனது.

இந்தப் பகுதியின் ஆபத்து அதன் எளிமைதான். புல் மெத்தென்று இருக்கிறது, கால் புதிதாக இருக்கிறது. இங்கே ஓடிக் குவித்த அரை மணி, பிற்பகலில் இரண்டு மணி நேர இழப்பாகத் திரும்பி வரும். இதயத்தின் உச்சத் துடிப்பு வயதோடு இறங்குகிறது. 208-லிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழிப்பது பொதுவான மதிப்பீடு. முப்பது வயதில் நிமிடத்துக்கு 187 என்றால் அறுபதில் 166. உடம்பு ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய பிராணவாயுவின் அளவும் பத்தாண்டுக்கு ஏறக்குறைய 10 சதவீதம் குறைகிறது. தொடர்ந்து பயிற்சி செய்கிறவர்களுக்கு அந்தச் சரிவு பாதியளவில் நிற்கலாம். உச்சம் தாழ்ந்திருப்பதால் அதை எட்டிவிடாமல் ஓடுவது முக்கியம். கருவி எதுவும் வேண்டாம். பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பார்த்தாலே போதும். பேச்சு துண்டு துண்டாக உடைந்தால் வேகம் அதிகம்.

தார்ன்த்வெய்ட் பீக்கன் உச்சியில் ஆள் உயரத்தைப் போல இருமடங்குக்கும் மேலான கல்தூண் நிற்கிறது. அதைத் தொட்டதும் புல்முதுகு முடிந்துவிடும். செங்குத்தான பாறை இடுக்கில் இறங்கி, ஸ்டோனி கோவ் பைக்கில் ஏறி, 454 மீட்டர் உயரத்திலுள்ள கர்க்ஸ்டோன் கணவாயில் சாலையைச் சேர வேண்டும்.

சாலையோரப் பத்து நிமிடம்

கர்க்ஸ்டோனில் துணைக்காரர்களின் கார் காத்திருக்கும். பின்கதவைத் திறந்து வைத்து, ஃபிளாஸ்கில் தேநீர், டின்னில் அடைத்த பால் அரிசிப் பாயசம், உப்புப் போட்டு அவித்த சின்ன உருளைக்கிழங்கு, ஜாம் ரொட்டி, வாழைப்பழம் என்று பரப்பியிருப்பார்கள். ஓடி வந்தவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒருவர் கையில் கிண்ணத்தைக் கொடுப்பார். மற்றொருவர் ஷூவின் ஈர முடிச்சை அவிழ்ப்பார். காலுறையைக் கழற்றிப் பாதத்தைத் துடைத்து, விரலிடுக்கில் வாசலின் தடவி, உலர்ந்த காலுறையை மாட்டிவிடுவார். அடுத்த பகுதிக்குத் துணையாக ஓடப்போகிறவர் அதற்குள் தண்ணீரையும் தின்பண்டத்தையும் தம் முதுகுப் பையில் எடுத்துக்கொண்டு நிற்பார். சிகரத்தைத் தொட்ட நேரத்தைக் குறித்துக்கொள்வதும் துணைக்காரர் வேலைதான். பத்து நிமிடத்தில் எழுந்துவிட வேண்டும். அதற்கு மேல் உட்கார்ந்தால் தொடை இறுகி, எழுந்திருப்பதே பெரும்பாடாகிவிடும்.

இந்தப் பத்து நிமிடத்தில் சாப்பிடுவதைப் பொறுத்தே மீதி நாள் அமையும். வயதாக ஆகத் தாக உணர்வு மழுங்குவதால், தாகம் எடுக்கட்டும் என்று காத்திருந்தால் நீர் வற்றிய பிறகே தெரியவரும். வெறும் தண்ணீரை அளவின்றிக் குடிப்பதும் தவறு. ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைசுற்றலும் குழப்பமும் வரும். சிறிது சிறிதாக, உப்பும் மாவுச்சத்தும் சேர்த்துக் குடிக்க வேண்டும். நீண்ட ஓட்டத்தின் நடுவே இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை விழுங்குவது சிறுநீரகத்துக்குக் கேடு. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

கர்க்ஸ்டோன் முதல் டன்மெயில் வரை

சாலையைத் தாண்டியதும் ரெட் ஸ்க்ரீஸ் மலை முகத்துக்கு நேரே நிற்கிறது. ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில் 300 மீட்டருக்கு மேல் ஏற்றம். இங்கே யாரும் ஓடுவதில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் முழங்காலுக்கு மேலே ஊன்றி, ஒவ்வோர் அடிக்கும் தொடையைக் கையால் அழுத்திக்கொண்டு, குனிந்து நடக்கிறார்கள். தேர்ந்த மலையோட்டக்காரர்களும் இப்படித்தான் ஏறுகிறார்கள். சரிவு ஓர் அளவைத் தாண்டினால் ஓடுவதைவிட விரைந்து நடப்பதற்கே சக்தி குறைவாகச் செலவாகும். பிந்தித் தொடங்குகிறவர்களுக்கு மலை சாலையைவிட நல்ல களமாக அமைவதற்கு இது ஒரு காரணம். சாலை மாரத்தானில் நடப்பது தோல்வியாகத் தோன்றலாம். மலையில் நடை முறையான உத்தி.

ஸ்கேண்டேல் கணவாயில் இறங்கி, ஹார்ட் கிராக் ஏறினால் 873 மீட்டர் ஃபேர்ஃபீல்டு. அதன் உச்சி பரந்த சமதளம், கற்குவியல்கள் பல. மூடுபனி இறங்கிவிட்டால் எல்லாத் திசையும் ஒன்றுபோலத் தெரியும். தவறான பக்கம் இறங்கினால் பாறை விளிம்பு. உதிர்கல் சரிவில் கிரைஸ்டேல் ஹாஸ் இடைவெளிக்கு இறங்கி, சீட் சாண்டல் மலையில் ஏறி இறங்கினால் டன்மெயில் ரெய்ஸ். 736 மீட்டரிலிருந்து 238 மீட்டருக்கு ஒரே மூச்சில் இறக்கம்.

ஏற்றம் மூச்சைச் சோதிக்கும். இறக்கம் தொடையைச் சோதிக்கும். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே சுருங்க வேண்டியிருக்கிறது. உடல் எடையை அது பிரேக் பிடிப்பதுபோல் தாங்குகிறது. அந்த இழுவிசையில் தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் உண்டாகும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் படியிறங்க முடியாமல் வலிப்பது அதனால்தான். இதற்கு ஒரே மருந்து முன்கூட்டியே இறங்கிப் பழகுவது. ஒருமுறை அடிபட்டு ஆறிய தசை, அதே வேலையை அடுத்த முறை குறைந்த சேதத்தோடு செய்கிறது. அந்தப் பாதுகாப்பு சில வாரங்களுக்கு நீடிக்கும். ஆகவே பயிற்சிக் காலத்தில் ஏற்றத்துக்கு ஒதுக்கும் கவனத்தை இறக்கத்துக்கும் ஒதுக்க வேண்டும். உடம்பைப் பின்னுக்குச் சாய்க்காமல், சிறிய அடிகளாக, முழங்காலைச் சற்று மடக்கியே வைத்து இறங்குவது முறை.

டன்மெயில் முதல் ஸ்டை ஹெட் வரை

டன்மெயில் ரெய்ஸ் கிராஸ்மியரையும் கெஸிக்கையும் இணைக்கும் பெருஞ்சாலையின் மேடு. சாலை நடுவே இருக்கும் பெரிய கற்குவியல் டன்மெயில் என்ற பழைய மன்னனின் நினைவு என்பது செவிவழிக் கதை. இரண்டாம் சாலையோர நிறுத்தம் இங்கேதான். பாதி தூரம் முடிந்திருக்கிறது, ஆனால் கரடுமுரடான பாதி இனிமேல்தான்.

ஸ்டீல் ஃபெல் ஏறியதும் தரை சதுப்பாகிறது. பச்சையாகத் தெரியும் பாசி மெத்தையில் கால் வைத்தால் கணுக்கால் வரை முங்கும். முன்பு கடந்ததன் பெயரையே கொண்ட மற்றொரு மலையான 762 மீட்டர் ஹை ரெய்ஸைக் கடந்து ராஸெட் பைக், போஃபெல், எஸ்க் பைக், கிரேட் எண்ட் என்று போகப் போகப் புல் மறைந்து பாறைக்கற்கள் மட்டுமே மிஞ்சும். கிரேட் எண்டின் உயரம் 910 மீட்டர். அருகிலுள்ள சீத்வெய்ட் இங்கிலாந்திலேயே அதிக மழை பெறும் குடியிருப்பு. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. பாறைகள் பெரும்பாலும் ஈரமாகவே இருக்கும்.

இந்தத் தரையில் கால்வைப்பு ஒவ்வொன்றும் தனி முடிவு. பார்வையும் பாதமும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். ஐம்பதைக் கடந்த கண்ணுக்குத் தூரம் தெளிவாகத் தெரியும், கிட்டத்தில் இருப்பது மங்கும். வரைபடத்தின் சமவுயரக் கோடுகளை மூடுபனியில், மழைத்துளி வழியும் பிளாஸ்டிக் உறைக்குள் படிக்க வாசிப்புக் கண்ணாடி வேண்டியிருக்கும். சிலர் பெரிதாக அச்சிட்ட வரைபடத் துண்டை வைத்துக்கொள்கிறார்கள். எல்லாவற்றையும்விடச் சிறந்தது முன்பே வந்து அந்தப் பகுதியை நடந்து பார்த்துவிடுவது. எந்தப் பாறையை ஒட்டித் திரும்புவது, எந்த ஓடையைத் தாண்டக் கூடாது என்று தெரிந்தவருக்கு மிச்சமாகும் நேரம், வேகத்தால் மிச்சமாவதைவிட அதிகம்.

இந்த வகையில் ஓடுகிறவருக்கு வழிகாட்டிகள் ஆடுகளே. சாம்பல் நிற ஹெர்ட்விக் செம்மறிகள் தலைமுறை தலைமுறையாகத் தம் மேய்ச்சல் எல்லையைத் தாயிடம் கற்று, வேலி இல்லாமலே அதற்குள் வாழ்கின்றன. அவற்றின் குளம்புகள் பதித்த ஒற்றையடித் தடங்கள், சிகரத்தின் மேலேறாமல் சரிவை உயரம் மாறாமல் சுற்றிச் செல்லும். ஏற்றத்தை மிச்சப்படுத்தும் அந்தத் தடங்களை நெய்லர் ஆடு மேய்த்தே அறிந்திருந்தார். மற்றவர்கள் பல வாரயிறுதிகளைச் செலவிட்டு அறிய வேண்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவருக்கு இளைஞரைவிடத் தாராளமாகக் கிடைப்பது இந்த நேரம்தான்.

முதுகுப் பையில் கட்டாயம் இருக்க வேண்டியவை சில: தையல்வழியே நீர் புகாத மழைச்சட்டை, மழைக்கால்சட்டை, தொப்பி, கையுறை, வரைபடம், திசைகாட்டி, ஊதல், அவசர உணவு. பிரிட்டிஷ் மலையோட்டங்களில் இவை இல்லாதவரைத் தொடக்கக் கோட்டிலேயே நிறுத்திவிடுவது வழக்கம். 100 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 0.65 டிகிரி குறையும். ஈர உடையில் காற்று பட்டால் உடல்சூடு விரைவாக இறங்கும். களைத்து நடைக்குத் திரும்பியவர் உடம்பில் சூடு பிறப்பதும் குறைந்துவிடும். விபத்து நேர்ந்தால் வந்து தூக்கிச் செல்கிறவர்கள் வாஸ்டேல், கெஸிக் போன்ற இடங்களில் உள்ள மலை மீட்புக் குழுவினர். அனைவரும் ஊதியமில்லாத தன்னார்வலர்கள். சேவைக்குக் கட்டணம் வாங்குவதில்லை. அவர்களை வீணாக அழைக்க நேராதபடி ஆயத்தமாக வருவது ஓடுகிறவரின் கடமை.

ஸ்டை ஹெட் முதல் கிரீன்டேல் வரை

ஸ்டை ஹெட் சாலை இல்லாத மலைச்சந்தி. துணைக்காரர்கள் உணவைச் சுமந்துகொண்டு நடந்தே வந்து காத்திருக்கிறார்கள். அங்கிருந்து 899 மீட்டர் கிரேட் கேபிளுக்கு 400 மீட்டருக்கும் மேலான ஏற்றம். முதல் உலகப் போரில் இறந்த தம் உறுப்பினர்களுக்காக ஃபெல் அண்ட் ராக் மலையேறுவோர் சங்கம் 1924-இல் நிறுவிய நினைவுப் பலகை உச்சிப் பாறையில் இருக்கிறது. ஒவ்வொரு நவம்பரிலும் நினைவு ஞாயிறன்று மக்கள் நடந்தே ஏறி வந்து அங்கே மௌனமாக நிற்கிறார்கள்.

பிறகு கர்க் ஃபெல், பிளாக் செயில் கணவாய், 892 மீட்டர் பில்லர், முதன்மை முதுகிலிருந்து பிரிந்து கூராக நிற்கும் ஸ்டீப்பிள், ஹேகாக். உடம்பில் தேங்கியிருந்த மாவுச்சத்து இதற்குள் ஏறக்குறைய தீர்ந்திருக்கும். வயிறு உணவை வேண்டாம் என்று தள்ளும். சாப்பிட மறுப்பதும் பேச்சு குறைவதும் கால் தடுமாறுவதும் துணைக்காரர் கண்ணில் முதலில் படும் அறிகுறிகள். சாப்பிட்டே ஆக வேண்டும் என்று வற்புறுத்தவும், போதும் நிறுத்தலாம் என்று சொல்லவும் உரிமை உள்ள ஒருவர் பக்கத்தில் இருப்பது இங்கேதான் உயிர்காக்கும் ஏற்பாடாகிறது.

சியட்டாலன் ஏறும்போது பல பேருக்கும் மாலை சாய்ந்திருக்கும். கடைசிச் சிகரம் மிடில் ஃபெல், 582 மீட்டர்தான். அதன் மேலிருந்து இங்கிலாந்தின் மிக ஆழமான ஏரியான வாஸ்ட் வாட்டரும், அதன் எதிர்க்கரையில் தண்ணீருக்குள் நேரே இறங்கும் உதிர்கல் சரிவுகளும் முழுதாகத் தெரிகின்றன. பெரணிப் புதர்களுக்கு இடையே இறங்கினால் கிரீன்டேல் பாலம். நெய்லர் பக்கத்திலேயே குடியிருந்த காலத்தில், வந்து சேர்கிறவர்களைப் பாலத்தில் நின்று கைகுலுக்கி வரவேற்பது அவர் வழக்கமாக இருந்தது.

பாலத்தைக் கடந்த பிறகு

வயதான மூட்டுகள் ஓட்டத்தால் தேய்ந்துபோகும் என்ற அச்சம் பரவலானது. ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 50 வயதைத் தாண்டிய 538 ஓட்டக்காரர்களையும், ஒப்பீட்டுக்காக ஓடாதவர்களையும் 1984 முதல் 21 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2008-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அன்றாட வேலைகளைச் செய்ய முடியாத நிலை ஓட்டக்காரர்களுக்கு ஏறக்குறைய 16 ஆண்டுகள் தள்ளி வந்தது. நல்ல உடல்நிலை உள்ளவர்களே ஓட வருகிறார்கள் என்பதும் இதில் ஒரு பங்கு வகிக்கும். ஆனாலும் ஓட்டம் முழங்காலை அழிக்கிறது என்பதற்கு அதில் இடமில்லை. மற்றொரு பக்கம், பல ஆண்டுகள் கடும் பயிற்சி செய்த சிலருக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் சிக்கல் கூடுதலாகக் காணப்படுவதும் உண்மை. அளவும் பரிசோதனையும் அதனால்தான் தேவைப்படுகின்றன.

நோயைக் கடந்து வந்தவர்களுக்கும் இந்த மலைகளில் இடமுண்டு. யார்க்‌ஷயர் விவசாயி நிக்கி ஸ்பிங்க்ஸுக்கு 2006-இல் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. பத்தாண்டு கழித்து, 2016-இல், 49 வயதில், பாப் கிரஹாம் சுற்றை அடுத்தடுத்து இரண்டு முறை, 84 சிகரங்களாக, 46 மணி நேரத்துக்குள் ஓடி முடித்தார்.

ஓட்டம் முடிந்ததும் செய்ய வேண்டியவையும் ஓட்டத்தின் பகுதியே. வாஸ்டேலிலிருந்து வெளியேறும் சாலைகள் குறுகலானவை. களைத்தவர் கையில் கார்ச் சாவியைக் கொடுக்கக் கூடாது. முதல் சில மணி நேரத்தில் புரதமும் மாவுச்சத்தும், அன்றிரவும் அடுத்த இரவுகளும் நல்ல தூக்கம், ஒரு வாரம் நடை மட்டும், இரண்டாம் வாரத்திலிருந்து மெல்ல ஓட்டம் என்பது பொதுவான ஒழுங்கு. வீக்கமோ ஒரே இடத்தில் கூரான வலியோ நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால், பிந்திய வயதில் மலையோட்டத்துக்கு வேண்டியவை தெளிவாகின்றன: ஓராண்டுக்குக் குறையாத படிப்படியான பயிற்சி, இறங்கிப் பழகிய தொடை, முன்பே நடந்து பார்த்த வழி, சாப்பிட மறக்காத ஒழுங்கு, நம்பகமான துணை. இவற்றில் இளமை இருந்தால்தான் கிடைக்கும் என்று எதுவும் இல்லை. சேர்த்துக்கொண்டவருக்கு நெய்லரின் பாதை திறந்தே இருக்கிறது. 54-இல் 12 மணி நேரத்தில் முடியாமல் போனவர் அடுத்த ஆண்டு வந்தால் 15 மணி நேரத்தில் முடித்துவிடலாம். வயது கூடியதால் வாய்ப்பும் கூடுகிற விதி விளையாட்டுலகில் அரிது.